குடோனில் எலக்ட்ரிக் வண்டிகளுக்கு சார்ஜிங் வசதி: சார்ஜரைக் கடைசியில் வாங்குங்கள்

"சார்ஜர் வந்து இறங்கியாச்சு. எந்தச் சுவர்ல மாட்டலாம்னு வந்து பாத்துச் சொல்லுங்க." கங்கைகொண்டான் பக்கம் ஒரு குடோன்காரர் இப்படித்தான் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் 60 கிலோவாட் டி.சி. சார்ஜர் (நேர்மின்னோட்டத்தில் வேகமாக ஏற்றுவது) ஒன்று, அட்டை பிரிக்காமல் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அந்த குடோனுக்கு மின்வாரியம் அனுமதித்திருந்த மொத்தச் சுமையே 40 கிலோவாட்தான். ஓடப்போவதோ லோடு ஆட்டோக்கள். அந்த சார்ஜரின் கன்னை (கேபிள் முனையில் இருக்கும் பிளக்) செருக அவற்றில் வாயே கிடையாது.

பாளையங்கோட்டையை மையமாக வைத்துக்கொண்டு இந்த வேலைகளை எடுத்துச் செய்கிறவன் நான். பணம் விரயமான இடங்களில் பெரும்பாலும் வரிசைதான் தப்பியிருக்கிறது. அதனால் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஐந்திலிருந்து இருபது வண்டி வரை வைத்து, ராத்திரி ஒரே இடத்துக்குத் திரும்பும் தொழில்களுக்கு இது பொருந்தும்: மொத்த விநியோக குடோன், பார்சல் கிளை, அரிசி ஆலை, பால் வண்டி, நயினார்குளம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்துச் சுற்று வட்டாரத்துக்குப் போடுகிறவர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கடைசி 12 மாத கரண்டு பில். ஒரு மாத பில் போதாது. சித்திரை வைகாசியில் ஏ.சி.யும் குளிர்பதன அறையும் இழுப்பது ஐப்பசி பில்லில் தெரியாது.

இடத்தின் வரைபடம். கையால் போட்டதானாலும் பரவாயில்லை. மெயின் போர்டு, கேட், வண்டி ஏற்றும் மேடை, டீசல் வைக்கும் இடம், மழைநீர் போகும் வழி ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

வாடகை இடமென்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம். இணைப்பு அவர் பெயரில் இருந்தால் சுமையைக் கூட்டும் விண்ணப்பத்துக்கு அவர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. காலி செய்யும்போது புதைத்த கேபிள் யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். இதைப் பேசாமல் விட்டு, பிறகு முகம் கொடுத்துப் பேசாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் ஒருவர். வீட்டுக்கு வயரிங் செய்தவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் இது அவர் வேலை இல்லை.

1. வண்டியின் நாளைக் கணக்கெடுங்கள்

ஒரு நோட்டு போதும். ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்து கட்டம்: கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், ஓடிய தூரம், பகலில் எங்கே எவ்வளவு நேரம் நின்றது, எவ்வளவு லோடு. இப்போது டீசல் வண்டி ஓடினாலும் இதே கணக்கை எடுக்கலாம். 14 நாள் எழுதுங்கள்.

சராசரியைப் பார்க்க வேண்டாம், மோசமான நாளைப் பாருங்கள். சராசரி 60 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டால் தீபாவளிக்கு முந்தைய வாரம் வண்டி வழியில் நிற்கும். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடியும் தென்காசியும் தலைக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். போய்வந்தாலே நூறு தாண்டும், ஊருக்குள் கடை கடையாகச் சுற்றுவது தனி.

கம்பெனி சொல்லும் ரேஞ்சில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். நம் பக்கம் இன்னொன்றும் உண்டு. ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆலங்குளம் வெட்டவெளியில் வண்டியை நேருக்கு நேர் பிடித்துத் தள்ளும். கூண்டு கட்டிய லோடு ஆட்டோவுக்கு அது மலை ஏறுகிற மாதிரி. தென்காசி போகும்போது இறங்கும் சார்ஜும் திரும்பும்போது இறங்கும் சார்ஜும் ஒன்றாக இருக்காது. காற்றாலைக்காரர்களுக்கு வருமானக் காலம், வண்டிக்காரர்களுக்குச் செலவுக் காலம்.

பகலில் நிற்கும் நேரக் கட்டத்தைப் பலர் நிரப்புவதே இல்லை. இரண்டாவது லோடு ஏற்ற வண்டி மதியம் ஒன்றரை மணி நேரம் குடோனிலேயே நின்றால் அப்போதே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிவிடலாம், ராத்திரித் திட்டம் அந்த அளவுக்குச் சுருங்கும். கூரையில் சோலார் இருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் அதற்குப் பயன். ராத்திரி மட்டும் செருகுகிற வண்டிக்கு சோலார் நேரடியாக உதவாது.

2. யூனிட்டையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

ஓர் எடுத்துக்காட்டு (ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்). எலக்ட்ரிக் குட்டியானை நான்கு, ஒவ்வொன்றுக்கும் 21 யூனிட் பேட்டரி. லோடு ஆட்டோ ஆறு, ஒவ்வொன்றுக்கும் 7.5 யூனிட். மொத்தம் 129 யூனிட். மோசமான நாளில் எண்பது சதவீதம் காலியாகி வருகின்றன என்று வையுங்கள்: சுமார் 103 யூனிட். சார்ஜரிலும் பேட்டரியிலும் சூடாகப் போகும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் ஓடுவது சுமார் 117 யூனிட்.

இனி நேரம். வண்டிகள் மாலை 6:30-க்குத் திரும்புகின்றன. டிரைவர்கள் இறங்கியதும் செருகிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பத்து வண்டியும் தலைக்கு 3.3 கிலோவாட் இழுத்தால் 33 கிலோவாட். அதே நேரத்தில்தான் குடோனில் விளக்கு, ஏ.சி., பேக்கிங் மெஷின் எல்லாம் ஓடும். மின்வாரியத்தின் உச்ச நேரமும் அதுதான்.

அதையே ராத்திரி 10 மணியிலிருந்து காலை 5 மணிக்குள் அடக்கிப் பார்ப்போம். குட்டியானைக்குத் தலைக்கு 19 யூனிட் வேண்டும், அதாவது ஏறக்குறைய 6 மணி நேரம். நான்கும் சேர்ந்து 13 கிலோவாட்டை ராத்திரி முழுக்க இழுக்கும். ஆட்டோவுக்கு 7 யூனிட்டுக்குள்தான், இரண்டு மணி நேரம் சொச்சம் போதும். இரண்டிரண்டாக மூன்று சுற்று விட்டால் எந்த நேரத்திலும் ஆட்டோவுக்கு 6.6 கிலோவாட்டுக்கு மேல் போகாது. ஆக மொத்தம் 20 கிலோவாட்.

அதே வண்டிகள், அதே யூனிட், 33 இருபதாகிவிட்டது. இதற்குத் தேவை ஒரு டைமரும், அது சொன்னபடி கரண்டைப் போட்டு அணைக்கும் மூன்று கான்டாக்டரும். லோடு மேனேஜ்மென்ட் மென்பொருள் நல்லதுதான், இருபது வண்டியைத் தாண்டினால் நானே பரிந்துரைப்பேன். பத்து வண்டிக்கு அதை விற்க வருகிறவரிடம் கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள்.

3. பில்லைப் படியுங்கள், பிறகு மீட்டரை நம்புங்கள்

பில்லில் இரண்டு எண்களைப் பாருங்கள்: அனுமதிக்கப்பட்ட சுமை, அந்த மாதம் பதிவான அதிகபட்ச டிமாண்ட் (நீங்கள் இழுத்த உச்சச் சுமை). இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்களிடம் இருக்கும் இடம். பதிவான டிமாண்ட் அனுமதித்ததைத் தாண்டினால் அதற்குத் தனிக் கட்டணம் வரும். ஒரே ஒரு மாலையில் தாண்டினாலும் அந்த மாத பில்லில் ஏறும்.

ஆனால் அந்த எண் எந்த நேரத்தில் பதிவானது என்று பில் சொல்லாது. அதனால் ஒரு வாரம் மெயின் போர்டில் மணிக்கொரு தடவை கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டுவது) வைத்து மூன்று ஃபேஸையும் எழுதச் சொல்லுங்கள். பகலில் 38 கிலோவாட் இழுக்கும் குடோன் ராத்திரி 11 மணிக்கு 6 கிலோவாட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். அப்படியானால் மேலே சொன்ன 20 கிலோவாட்டைப் பழைய இணைப்பிலேயே தாங்கலாம், கூடுதல் சுமையே கேட்க வேண்டாம். நான் பார்த்த இடங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் முடிந்தது.

4. இப்போது சார்ஜர் வகையைத் தேர்ந்தெடுங்கள்

ராத்திரி முழுக்க நிற்கும் வண்டிக்கு மெதுவான ஏ.சி. (மாறுமின்னோட்ட) சார்ஜிங்கே போதும். லோடு ஆட்டோவுக்கு 16 ஆம்பியர் பாயின்ட். டைப் 2 வாய் (ஏ.சி. சார்ஜிங்குக்கான ஒரு பிளக் வகை) உள்ள வண்டிக்கு 7.4 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ், அல்லது 11, 22 கிலோவாட் மூன்று ஃபேஸ் சார்ஜர். 22 கிலோவாட் வாங்கினால் வேகமாக ஏறும் என்று நினைக்காதீர்கள். ஏ.சி.யில் வேகத்தை முடிவு செய்வது வண்டிக்குள் இருக்கும் சார்ஜர், அது 3.3 கிலோவாட் என்றால் சுவரில் எதை மாட்டினாலும் 3.3தான்.

டி.சி. சார்ஜர் யாருக்குத் தேவை? ஒரு நாளில் இரண்டு ஷிப்ட் ஓடும் வண்டிக்கு, மதியம் ஒரு மணி நேரத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டியவர்களுக்கு. அப்போதும் வண்டிக்கு சி.சி.எஸ். 2 வாய் (டி.சி. சார்ஜிங்குக்கான பிளக் வகை) இருக்கிறதா, அது அதிகபட்சம் எத்தனை கிலோவாட் ஏற்கும் என்று கேளுங்கள். 60 கிலோவாட் சார்ஜர் முழு வேகத்தில் ஃபேஸுக்கு 90 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வண்டி 20-தான் ஏற்கும் என்றால் மீதி 40-க்குப் போட்ட காசு வீண்.

சாதாரண வீட்டு 16 ஆம்பியர் சுவிட்ச் பாயின்ட்டைப் போட்டுவிட வேண்டாம். இஸ்திரிப் பெட்டிக்கும் கிரைண்டருக்கும் செய்தது அது. ஆறு மணி நேரம் விடாமல் 14 ஆம்பியர் ஓடினால் மூன்றே மாதத்தில் பின் பழுப்பாகி, பிளாஸ்டிக் உருகி, மீன் கருவாடு வாடை மாதிரி ஒரு நாற்றம் வரும். அந்த வாடை வந்தால் உடனே மெயினை அணைக்கச் சொல்லி வாட்ச்மேனுக்குச் சொல்லிவையுங்கள். இரும்புக் கூட்டுக்குள் வரும் இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் அதற்கேற்ற பிளக்கும் போடுங்கள். செலவு கொஞ்சம்தான் கூடும்.

5. மின்வாரியத்துக்குப் போவது

உங்கள் வண்டிக்கு நீங்களே சார்ஜ் போட உரிமம் எதுவும் வேண்டாம். சார்ஜ் போடுவது மின்சார விற்பனை இல்லை, சேவை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. வெளியாருக்குப் போட்டுக் காசு வாங்கினாலும் உரிமம் தேவையில்லை.

எடுக்க வேண்டிய முடிவு, பழைய இணைப்பிலேயே ஓட்டுவதா, சார்ஜிங்குக்குத் தனி இணைப்பா என்பது. சார்ஜிங் நிலையத்துக்குத் தனிக் கட்டண வகை உண்டு. உங்கள் குடோனின் கட்டணத்தை அதோடு ஒப்பிட்டு, இரண்டாவது இணைப்புக்கான வைப்புத்தொகை, மீட்டர், கேபிள் செலவையும் சேர்த்துப் பாருங்கள். பத்து வண்டிக்குள் என்றால் பெரும்பாலும் பழைய இணைப்பும், சார்ஜிங்கை மட்டும் அளக்க ஒரு சப் மீட்டருமே லாபம். சப் மீட்டரை விட்டுவிடாதீர்கள். டீசலோடு ஒப்பிட நாளைக்கு உங்களிடம் வேறு கணக்கு இருக்காது.

லைன் இழுக்க வேண்டியதில்லாத இடத்தில் புதிய இணைப்போ சுமை மாற்றமோ பெருநகரங்களில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், ஊரகத்தில் 15 நாள் என்று 2024-இல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற வேண்டும், கம்பம் நட வேண்டும் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, மாதங்கள் ஆகும். அதனால் வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பிரிவு அலுவலகத்துக்குப் போய், உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இருக்கிறதா என்று உதவிப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். தாழ்வழுத்த இணைப்புக்கு மேல்வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் உயரழுத்தம், சொந்த டிரான்ஸ்ஃபார்மர், மின் ஆய்வுத் துறை ஒப்புதல் என்று வேலை வேறு மாதிரி ஆகிவிடும். நான் பார்த்த ஓர் இடத்தில் வண்டிகள் வந்து நான்கு மாதம் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் காசு கொடுத்து சார்ஜ் போட்டார்கள்.

6. இடத்தைக் குறியுங்கள்

சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு தரையில் கோடு போடுங்கள். காகிதத்தில் சரியாக இருப்பது தரையில் இடிக்கும். வண்டியை நிஜமாகவே ரிவர்ஸில் விட்டு, சார்ஜிங் வாய் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். சில வண்டிக்கு முன்னால், சிலதுக்கு டிரைவர் சீட்டுக்குக் கீழே.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிப்படி நிறுத்திய வண்டியின் வாய் சார்ஜிங் பாயின்ட்டிலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும், சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது. மூன்றாவதைத்தான் எல்லா குடோனிலும் மீறுகிறார்கள். முதலாவதை ஒழுங்காகச் செய்தால் மூன்றாவதுக்கு அவசியமே வராது.

நம் ஊரில் 800 மில்லிமீட்டரோடு நிறுத்தவும் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளும் கொக்கிரகுளத்துக்குள்ளும் எந்த அளவுக்கு வந்தது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உங்கள் சுவரில் அந்தத் தண்ணீர்க் கோடு இன்னும் தெரிந்தால் போர்டு அதற்கு மேலே. ஆறு வராத இடமாக இருந்தாலும் பக்கத்துக் குளம் உடைந்தால் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாதது அவருக்குத் தெரியும்.

மேற்குப் பார்த்த சுவர் வேண்டாம். மதிய வெயிலில் சூடேறினால் டி.சி. சார்ஜர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றுக் காலத்தில் புழுதியும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும், ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அட்டைப் பெட்டி அடுக்கும் இடத்துக்கும் டீசல் பேரலுக்கும் தள்ளி வையுங்கள். குடோனுக்கு உள்ளே சார்ஜ் போடவே கூடாது என்பது என் கருத்து. பேட்டரியில் தீப்பிடித்தால் தீயணைப்பு சிலிண்டரால் அது அடங்காது, நிறையத் தண்ணீர் அடிக்க வேண்டும். சரக்குக்கு நடுவில் அதைச் செய்ய முடியாது. காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

7. கேபிள், ஃபேஸ், எர்த்

ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் மெயினிலிருந்து தனி சர்க்யூட், தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. (கரண்டு கசிந்தால் அணையும் சுவிட்ச், குறைந்தது ஏ வகை). ஒரே ஆர்.சி.டி.யில் ஆறு வண்டியைக் கோத்தால் ஒரு வண்டியின் கசிவுக்கு ஆறும் நின்றுவிடும்; காலையில்தான் தெரியும்.

ஃபேஸ் பிரிப்பில் நடக்கும் தப்பை ஒரு ராத்திரி நேரிலேயே பார்த்தேன். பேட்டைப் பக்கம் ஒரு குடோன். எட்டு மணிக்கு வாட்ச்மேன் போன் போடுகிறார்: "அண்ணாச்சி, ஆபீஸ் ரூம்ல ட்யூப்லைட்டு கண்ணு சிமிட்டுது. அந்தப் பக்க ரூம்ல ஃபேன் பேய் மாதிரி சுத்துது." முதலில் மெயினை இறக்கச் சொன்னேன். போய்ப் பார்த்தால் எட்டு சாக்கெட்டும் ஒரே ஃபேஸில். பக்கத்தில் அதுதான் இருந்தது என்று வயர்மேன் அதிலேயே கொடுத்துவிட்டார். நியூட்ரல் வயர் முனையின் லக்கைத் திறந்தபோது கறுத்துப்போய், கை வைக்க முடியாத சூடு. நியூட்ரல் பிடி விட்டால் ஒரு ஃபேஸில் வோல்ட் இறங்கும், மற்றதில் ஏறும். இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் போயிருக்கும். பத்து சாக்கெட் என்றால் 4, 3, 3 என்று பிரியுங்கள். ஒன்றாக ஓடும் வண்டிகளும் வேறு வேறு ஃபேஸில் வர வேண்டும். நியூட்ரலை ஃபேஸ் அளவுக்கே போடுங்கள், மெலிதாக வேண்டாம்.

எர்த் நம் மாவட்டத்தில் இடத்துக்கு இடம் மாறும். பாளையங்கோட்டைப் பக்கம் சில இடங்களில் நாலடியிலேயே பாறை. திசையன்விளைப் பக்கம் தேரி மணல், தண்ணீர் நிற்காது. மழைக்காலத்தில் அளந்து நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட எர்த், வைகாசியில் அளந்தால் பல மடங்கு ஏறியிருக்கும். எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்யவே மறுக்கும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று கம்பெனியோடு சண்டை போடுவார்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் கண்டால் நான் வேலையை ஒப்படைப்பதில்லை.

பள்ளம் தோண்டும்போதே தேவைக்கு மேல் இரண்டு காலிக் குழாயைப் புதைத்து, உள்ளே நைலான் கயிறு விட்டு, வாயை மூடிவையுங்கள். அடுத்த வருடம் வண்டி கூடினால் கான்கிரீட்டை உடைக்க வேண்டியிராது.

8. முதல் ராத்திரி நீங்களே இருங்கள்

எல்லா வண்டியையும் செருகி, டைமர் 10 மணிக்கு சார்ஜிங்கைத் தொடங்குவதைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு இணைப்பிலும் வெப்பமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே திருகு தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு ஆர்.சி.டி.யின் சோதனைப் பட்டனையும் அழுத்துங்கள்.

அப்புறம் மெயினை வேண்டுமென்றே அணையுங்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, ஜெனரேட்டர் தானாக ஏறினால் சார்ஜிங் போர்டு அதில் சேரக் கூடாது. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் சொச்சம்தான் கிடைக்கும். அதில் வண்டிக்கு சார்ஜ் போட்டால் எலக்ட்ரிக் வண்டி எதற்கு? இன்னொன்று, கரண்டு திரும்பியதும் சார்ஜ் தானாகத் தொடர்கிறதா? கார்டு காட்டியோ ஆப் வழியாகவோ தொடங்கும் சில சார்ஜர்கள், மறுபடி காட்டும்வரை சும்மா நிற்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் கரண்டு போய் வந்தாலும், காலையில் வண்டி பாதி சார்ஜோடு நிற்கும். அந்த அமைப்பை மாற்ற முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

எந்த வண்டி எந்த சாக்கெட்டில் என்று எண் போட்டு, பெயின்ட் அடித்து, வாட்ச்மேன் கையில் ஓர் அட்டையைக் கொடுங்கள்: 10 மணிக்கு எத்தனை பச்சை விளக்கு எரிய வேண்டும், 1 மணிக்கு எத்தனை, இல்லாவிட்டால் யாருக்குப் போன் போட வேண்டும்.

ஒரு மாதம் கழித்து வந்த பில்லையும் சப் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதிவான டிமாண்ட் உங்கள் கணக்கைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியிருந்தால் யாரோ ஒரு டிரைவர் டைமர் இல்லாத பாயின்ட்டில் ஏழு மணிக்கே செருகுகிறார் என்று அர்த்தம். பெரும்பாலும் அது டீ போடும் அறையின் சுவரில் இருக்கும்.